ஃப்ரைடேயின் வாய்

பல வருஷங்களுக்கு முன் ஒரு கதை எழுதினேன். எங்கள் தெருவில் வீடுகளுக்குத் தண்ணீர் சுமந்த, வாய் பேசாத ஒரு கிழவியைப் பற்றி. கதையில் அவள் மனசுக்குள் பக்கம் பக்கமாகப் பேசினாள். நண்பர்கள் பாராட்டினார்கள். எனக்கும் கர்வம்தான். ஜே. எம். கூட்ஸியின் 'ஃபோ' (1986) நாவலைப் படித்த பிறகு அந்தக் கதையைக் கையில் எடுக்கவே கூசுகிறது.

டீஃபோவின் க்ரூஸோ (1719) தீவிலும் கணக்குப்பிள்ளைதான். நாட்குறிப்பு எழுதுகிறான், நேர்ந்த நல்லதையும் கெட்டதையும் பற்று வரவாகப் பிரிக்கிறான், ஃப்ரைடேக்குப் பெயர் வைத்துத் தன்னை 'எஜமான்' என்று கூப்பிடக் கற்பிக்கிறான். கூட்ஸியின் க்ரூஸோ எதையும் எழுதுவதில்லை. விதையே இல்லாத தீவில் கல் சுமந்து படிநிலம் கட்டுகிறான். ஃப்ரைடேக்கு நாக்கு இல்லை. அறுத்தது யார் என்பது கடைசிவரை நிச்சயமாவதில்லை. கரையொதுங்கிய சூஸன் பார்ட்டன் லண்டனுக்கு வந்து, ஃபோ என்கிற எழுத்தாளனிடம் தீவின் கதையை எழுதித்தரச் சொல்கிறாள். அவனுக்கோ தீவு மட்டும் போதவில்லை. அவள் தொலைத்த மகளின் கதையும் வேண்டும்.

'லாஸ்ட்' (2004–2010) என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை ராத்திரி கண்விழித்துப் பார்த்தவன் நான். விமானம் விழுந்து தீவில் சிக்கியவர்களின் கதை. யாராவது சற்று மௌனமாக இருந்தால் போதும், திரை அவர்களுடைய கடந்தகாலத்துக்குப் போய்க் காரணத்தைக் கொண்டுவந்துவிடும். ஃபோ செய்யும் வேலை இதுவே. தீவின் புதிர்கள் அவிழவில்லை என்று பலர் கோபித்துக்கொண்டார்கள். மனிதர்களிடம் புதிர் எதையும் மிச்சம் வைக்கவில்லையே என்பது என் குறை.

கூட்ஸியின் ஃப்ரைடே ஒரு மரக்கட்டைமேல் கடலுக்குள் போய்ப் பூவிதழ்களைத் தூவுகிறான். ஏன் என்று நாவல் சொல்வதில்லை. தென்னாப்பிரிக்க வெள்ளையர் ஒருவர் கறுப்பு மனிதனை நாக்கில்லாமல் படைத்தது அவருக்குச் சௌகரியம்தானே என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை என்னால் தள்ள முடியவில்லை. ஆனால் நாக்கை அறுத்தது யார் என்று சூஸன் படம் வரைந்தாவது ஃப்ரைடேயிடம் கேட்டுப் பார்க்கிறாள்.

கிழவி குடத்தை இறக்கியபின் எங்கள் வாசலில் கொஞ்ச நேரம் நிற்பாள். கதையில் அதற்கு உருக்கமாக ஒரு காரணம் எழுதியிருந்தேன். அவளிடமே கேட்டிருக்கலாம், கைஜாடையில் சொல்லியிருப்பாள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.