‘தான்’ என்னும் ஓரசை

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் இடம்பெற விரும்புவோருக்கென 2008 முதல் நடந்துவரும் பொது நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் தங்கையின் பேத்தி, கோடை விடுமுறையில் சில வாரங்கள் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். அத்தேர்வில் தர்க்க அறிவைச் சோதிக்கும் பகுதி ஒன்று உண்டு. உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது மிகுதி. போதிக்கும் ஆசையோ அதனினும் மிகுதி. ஆகையால் ஒருவரும் கேளாமலே அவளுக்கு ஆசிரியனாகிவிட்டேன். ஒருநாள் காலை, “இந்தப் பத்து வினாக்களையும் பிழையில்லாமல் போட்டால், சாயங்காலம் உன்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறேன்” என்று வாக்களித்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

வினாக்கள் ஆங்கிலத்தில் இருந்தன. முதல் வினாவைத் தமிழில் சொல்கிறேன்: அனுமதிச் சீட்டு உடையவர்கள் மட்டுமே நூலகத்தினுள் செல்லலாம்; கமலாவிடம் சீட்டு இருக்கிறது; ஆகவே கமலா உள்ளே செல்லலாம். இம்முடிவு சரியா? சரி என்று கணமும் தயங்காமல் குறித்தாள். சீட்டில்லாதவருக்கு வழியில்லை என்பதுதான் அங்கே சொல்லப்பட்டதே ஒழிய, சீட்டுடையவர் எல்லோருக்கும் வழியுண்டு என்று எவரும் சொல்லவில்லை என்றும், எடுத்த புத்தகத்தை ஆறு மாதமாகத் திருப்பித் தராத கமலாவை வாயிற்காவலர் சீட்டோடு நிறுத்திவைக்கலாம் என்றும், சீட்டு அவசியமானது ஆயினும் போதுமானதன்று என்றும் நான் விரித்துரைக்க, அவள் பணிவோடு தலையை அசைத்தாள். அசைத்த தலை மூன்றாம் வினாவில் அதே குழியில் போய் விழுந்தது.

அவளைக் கரையேற்றியது என் போதனையன்று, எங்கள் சமையற்கட்டு. பலகாரம் ஏன் தாமதம் என்று நான் குரல் கொடுத்ததற்கு, “கல் காய்ந்தால்தானே தோசை வரும்?” என்று என் மனைவி உள்ளிருந்து பதில் சொன்னாள். நான் பெண்ணைப் பார்த்து, “அப்படியானால் கல் காய்ந்துவிட்டது, ஆகவே தோசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா அம்மா?” என்று கேட்டேன். “அதெப்படித் தாத்தா? மாவு வேண்டாமா?” என்றாள். சொன்ன பிறகு தன் விடைத்தாளைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

அன்று முதல் ‘தான்’ என்ற சொல்லின்மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டாகிவிட்டது. மழை பெய்தால் முற்றம் நனையும் என்கிறோம். நனைவதற்கு மழையே போதும், குழாய் உடைந்தும் நனையலாம். மழை பெய்தால்தான் கண்மாய் நிறையும் என்னும்போதோ, மழையின்றி நிறையாது என்று சொல்கிறோமே அல்லாமல், பெய்த மாத்திரத்தில் நிறைந்துவிடும் என்று உத்தரவாதம் தரவில்லை; வரத்துக்கால் தூர்ந்துகிடந்தால் வானம் என்ன செய்யும்? ‘பெய்தாலே போதும்’ என்றால் ஒரு பொருள், ‘பெய்தாலும்’ என்றால் சம்பந்தத்தையே அறுத்துவிடும் மற்றொரு பொருள். ஆங்கிலத்தில் ‘இஃப்’ என்பதற்கு முன்னே ‘ஒன்லி’ வந்து நின்றவுடன் வாக்கியத்தின் திசையே திரும்பிவிடுகிறது. ‘அன்லெஸ்’ வந்தாலோ குழப்பம் இன்னும் அதிகம். ஆகவே, வினாவைப் படித்தவுடன் அதை மனத்துக்குள் தமிழாக்கி, ‘தான்’ எங்கே விழுகிறது என்று பார்க்கச் சொன்னேன்.

நம் நாட்டுத் தார்க்கிகர்கள் இவ்விஷயத்தைப் புகையையும் நெருப்பையும் வைத்து அலசியிருக்கிறார்கள். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அநுமானத்தின் உறுப்புக்களையும் அவற்றின் போலிகளையும் வகுத்துரைக்கும் பகுதியைப் பொறுமையோடு கடந்தவர்கள் இதை அறிவார்கள். புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு. நெருப்புள்ள இடத்திலெல்லாம் புகையுண்டா என்றால், பழுக்கக் காய்ந்த இரும்புருண்டையைக் காட்டி இல்லை என்பார்கள். அதில் நெருப்புண்டு, புகை இல்லை. நெருப்போடு ஈரவிறகும் சேர்ந்தால்தான் புகை எழும். சொல்லாமல் விடுபட்ட அந்த ஈரவிறகின் சேர்க்கைக்கு ‘உபாதி’ என்று பெயரிட்டார்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. கமலாவின் விஷயத்திலும் விடுபட்டது ஓர் ஈரவிறகே.

மத்திய அரசு ஓய்வூதியக்காரனாகிய நான் இந்த உபாதியை ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் அநுபவிக்கிறேன். ஓய்வூதியம் பெறுவதற்கு நான் உயிரோடிருப்பது அவசியம். ஆனால் அது போதாது, உயிர்வாழ் சான்றிதழும் வேண்டும்.

இதில் இடறுவது சிறுபிள்ளைகள் மட்டுமல்ல. 1966இல் பீட்டர் வேசன் என்ற ஆங்கில உளவியலறிஞர் வெளியிட்ட சீட்டுப் புதிரை, எழுத்துக்களை மட்டும் தமிழாக மாற்றிச் சொல்கிறேன். மேசைமேல் நான்கு சீட்டுகள். தெரிவன அ, க, 4, 7. ஒவ்வொன்றிலும் ஒருபுறம் எழுத்து, மறுபுறம் எண். ‘ஒருபுறம் உயிரெழுத்து இருந்தால் மறுபுறம் இரட்டைப்படை எண் இருக்கும்’ என்ற விதி மெய்யா என்று சோதிக்க எந்தச் சீட்டுகளைப் புரட்ட வேண்டும்? அகரத்தையும் 7ஐயும். இவ்வகைச் சோதனைகளில் சரியாகச் சொன்னவர்கள் பத்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. பலரும் 4ஐப் புரட்டினார்கள். நானும் முதல்முறை அதைத்தான் புரட்டினேன் என்பதைப் பெண்ணிடம் சொல்லவில்லை. 1982இல் கிரிக்ஸ், காக்ஸ் என்னும் இருவர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், பீர் குடிப்பவர் 19 வயதைக் கடந்திருக்க வேண்டும் என்ற விதியாக இதை மாற்றிக் கொடுத்தபோது, ஏறக்குறைய நான்கில் மூவர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டுத் தோசைக்கல்லும் அந்த பீர்ப் புட்டியும் ஒரே ஜாதி என்பது என் எண்ணம்.

எனினும், தவறு முழுவதையும் பரீட்சை எழுதுவோர் தலையில் கட்டுவது நியாயமாகாது. அன்றாடச் சம்பாஷணையில் நாமே ‘தான்’ சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்ப்பதில்லை. ‘சாப்பிட்டால் கதை சொல்வேன்’ என்று குழந்தையிடம் சொல்லும் தாய், சாப்பிடாவிட்டால் கதை கிடையாது என்பதைச் சொல்லாமலே உணர்த்துகிறாள். குழந்தையும் அப்படியே எடுத்துக்கொள்கிறது. வாழ்க்கை இந்த மௌன ஒப்பந்தத்தில் சுகமாக நடக்கிறது. பரீட்சைத் தாளோ, எழுதியதற்கு மேல் ஓர் எழுத்தும் கூட்டிக்கொள்ளாதே என்கிறது.

மாலை நான்கு மணிக்கு விடைகளைத் திருத்தினேன். பத்தில் ஏழு. கண்டிப்பான குரலில், “கடற்கரை இன்றைக்கு இல்லை” என்றேன்.

“ஏன் தாத்தா? ‘போட்டால் அழைத்துப் போகிறேன்’ என்றுதானே சொன்னீர்கள்? ‘போட்டால்தான்’ என்று சொல்லவில்லையே?”

உள்ளே என் மனைவி சிரிப்பது கேட்டது. நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.