பழம் பழுக்கும் பக்கம் கரடி

சென்னையை ஒட்டிய பம்மல்காரர்களான எங்களுக்குக் கரடி என்றால் வண்டலூர் உயிரியல் பூங்காதான். காட்டில் அது எதைத் தின்கிறது, எதைத் தேடி எங்கே போகிறது என்று நேரில் அறியும் ஆசையில் கோடையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினேன். மேட்டுப்பாளையம், ஊட்டி, பிறகு பேருந்தில் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி மசினகுடி.

முதுமலைக் காட்டின் இந்தப் பக்கம் மழை குறைவு. முள்ளும் புதரும்தான் அதிகம். சித்திரை வெயிலில் சரக்கொன்றை மஞ்சளாய்ப் பூத்திருந்தது. அதே மரத்தில் போன வருடத்துக் காய்கள் முற்றிக் கறுத்துத் தொங்கின. ஊரோரத் தடத்தில், கூட வந்த உள்ளூர்ப் பெரியவர் குனிந்து குச்சியால் எதையோ கிளறினார். காய்ந்த கரடி எச்சம். தட்டையான கொன்றை விதைகள் பளபளவென்று முழுசாகக் கிடந்தன. நடுநடுவே கறையான் தலைகள்.

“பழம் இருக்கிற வரைக்கும் இங்கதான் சுத்தும் சார். தீர்ந்துட்டா புத்தைத் தேடிப் போயிடும்.”

எச்சத்தைக் கிளறிப் பார்ப்பதுதான் ஆய்வாளர்களின் வழியும். முதுமலைக் கரடிகளின் உணவைப் பற்றி 1997-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் ஒரு கட்டுரை வந்தது. எச்சத்தை அலசி, விதையையும் பூச்சித் துணுக்கையும் பிரித்தால் எந்த மாதம் எது உணவு என்று தெரிந்துவிடும். பனிக்காலத்தில் இலந்தை, கோடையில் கொன்றை, ஆனியில் நாவல். பழம் இல்லாதபோது கறையானும் எறும்பும். மேல் முன்பற்கள் இரண்டு இல்லாததால், அந்த இடைவெளி வழியே கறையானை உறிஞ்சிவிடும். விழுங்கிய விதைகளை வேறிடத்தில் போட்டு மரம் வளர்ப்பதும் கரடிதான்.

வட அமெரிக்காவில் காட்டுப்பழம் பொய்க்கும் வருடங்களில் கரடிகள் ஊருக்குள் வருவதை நெடுங்காலமாகக் கவனித்திருக்கிறார்கள். நம் கோத்தகிரி, குன்னூர் தேயிலைத் தோட்டங்களிலும் கரடி நடமாட்டம் அடிக்கடி செய்தியாகிறது. காட்டை மூடிவரும் உண்ணிச்செடியின் பழத்தையும் கரடி தின்னும். ஆனாலும் அந்தச் செடியை வெட்டி அகற்றத்தான் வேண்டும். அந்த இடத்தில் இலந்தையும் நாவலும் கொன்றையும் எழ வேண்டும்.

கரடி ஊருக்குள் வந்தபின் கூண்டு வைப்பது கடைசி வேலை. எந்த மரம் இந்த வருடம் காய்த்தது, எது பொய்த்தது என்று வருடந்தோறும் குறித்து வைப்பதே முதல் வேலை. அந்தக் கணக்கு மலைக்காரர்களுக்கு அத்துபடி. அவர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்தி, அதை எழுதி வைக்கச் செய்ய வேண்டும்.