பாக்ஸ் இறங்கிய பிறகு

லாரியின் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில், பெல் ஹவுசிங் என்ற மணி வடிவ உறைக்குள், மூன்று வட்டுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் போல்ட் போட்டு இறுக்கிய கனத்த வார்ப்பிரும்புச் சக்கரம் ஃப்ளைவீல். அதன் முகத்தில் ஒட்டி நிற்பது கிளட்ச் பிளேட். அந்தப் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் பிடி விடும். காலை எடுத்தால் மறுபடி கவ்வும். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரப் பட்டறைகளில் 'கிளட்ச் வேலை' என்பது இம்மூன்றையும் திறந்து பார்த்துச் சரிசெய்வது. சங்ககிரி லாரிக்கும், நாமக்கல் பாடி கட்டுவதற்கும் கேஸ் டேங்கருக்கும், திருச்செங்கோடு போர்வெல் ரிக்குக்கும் பெயர்பெற்ற ஊர்கள். ஆகவே இந்த வேலைக்கு அங்கே ஓய்வு கிடையாது.

கிளட்ச் போகப்போகிறது என்பதை மேடு காட்டிக்கொடுக்கும். சேலத்திலிருந்து தருமபுரிக்கு லோடோடு தொப்பூர் கணவாய் ஏறும்போது எஞ்சின் இரைச்சல் மட்டும் கூடி வேகம் கூடவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது. சற்று நேரத்தில் கருகிய வாடை வரும். வண்டி எடுக்கும்போது உதறினால் ஃப்ளைவீல் முகம் கெட்டிருக்கலாம், அல்லது பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். பெடலை முழுக்க மிதித்தும் கியர் கரகரத்தால் பிளேட் விடுபடவில்லை. இன்னும் ஒரு லோடு தாங்குமா என்பதுதான் ஓட்டுநர்கள் கேட்கும் முதல் கேள்வி. பெரும்பாலும் தாங்கும். ஆனால் லைனிங் தேய்ந்து ரிவெட் தலை வெளியே வந்துவிட்டால் அந்த ஒரு லோடு ஃப்ளைவீல் முகத்தில் வட்டவட்டமாகப் பள்ளம் உழுதுவிடும்.

வண்டியைக் குழி மேல் நிறுத்தி, புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் பாக்ஸை டிராலி ஜாக்கியில் இறக்குகிறார்கள். ஒரு காலத்தில் செயின் பிளாக்கும் இரண்டு ஹெல்பர்களின் தோளும்தான் ஜாக்கி. இவ்வளவு பாடுபட்டு இறக்கிய பாக்ஸைப் பிளேட்டுக்காக மட்டும் இறக்கியதாக நினைப்பது ஏமாளித்தனம். கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், ஃப்ளைவீல் நடுவிலுள்ள பைலட் பேரிங், பெடலை மிதிக்கும்போது அழுந்தும் ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். சீல் சிறு பொருள்தான்; அது கசிந்து புதுப் பிளேட்டை நனைத்தால் பாக்ஸ் மறுபடி இறங்கும்.

ஹவுசிங்குக்குள் படிந்திருக்கும் கரிய தூசைக் காற்றடித்து ஊதுவது பட்டறைகளில் இன்னும் போகாத கெட்ட பழக்கம். கிளட்ச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அந்தத் தூசு நுரையீரலில் தங்கும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே சரி. முகத்துக்குத் துண்டு கட்டிக்கொள்வது போதாது.

மாற்றுப் பிளேட் வாங்க பழைய பிளேட்டைக் கையோடு எடுத்துப் போவார்கள். 330, 352, 380, 395 மி.மீ. என விட்டம் வேறுபடும். விட்டம் பொருந்தினால் போதாது. நடு ஹப்பின் பற்களின் எண்ணிக்கையும் அகலமும் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டோடு சேர வேண்டும். எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் சொல்லிக் கேட்பதே பிசகாத வழி. ஆர்கானிக் லைனிங் மெதுவாகக் கவ்வும். நெரிசலில் நின்று நின்று போகும் வண்டிக்கு அது போதும். செராமிக் பட்டன் பதித்த பிளேட் அதிகச் சூடு தாங்கும், ஆனால் வெடுக்கென்று பிடிக்கும், ஃப்ளைவீலையும் சீக்கிரம் தின்னும். பழைய தகட்டில் புது லைனிங் ரிவெட் அடித்த பிளேட்டும் மலிவாகக் கிடைக்கிறது. அதில் நடுவிலுள்ள சுருள்கள் தளர்ந்திருந்தால் லைனிங் எவ்வளவு புதிதாக இருந்தும் பயனில்லை.

வண்டிக்காரர் விலை பேசுவது பிளேட்டுக்கு. பட்டறைக்காரரின் கைத்திறன் தெரிவது ஃப்ளைவீலில். முகத்தில் நீலத் திட்டுகள் இருந்தால் அந்த இடங்கள் சூடேறி இறுகிவிட்டன என்று பொருள். மயிரிழை வெடிப்புகளை விரல் நகத்தால் தடவிப் பார்ப்பார்கள். ஆழமான வெடிப்பு என்றால் சக்கரம் பழைய இரும்புக்கு. மேலோட்டமானால் லேத்துக்குப் போய் ஃபேஸிங் ஆகி வரும். எடுக்கும் ஒவ்வொரு சீவலும் பிரஷர் பிளேட்டை எஞ்சின் பக்கம் நகர்த்துவதால் தயாரிப்பாளர் சொன்ன கனத்துக்குக் கீழே போகக்கூடாது. படி வைத்த ஃப்ளைவீலில் முகத்தைச் சீவிய அளவு படியையும் சீவாவிட்டால் பிரஷர் பிளேட்டின் பிடி தளரும். திரும்பப் பூட்டியபின் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் முகம் ஆடுகிறதா என்பது தெரியும். போல்ட் அடியில் சிக்கிய ஒரு துளி அழுக்கே ஆட்டம் காட்டும்.

ஃப்ளைவீலின் விளிம்பைச் சுற்றியிருக்கும் ரிங் கியரில் ஒரு விந்தை உண்டு. ஸ்டார்ட்டர் கவ்வும் பற்கள் சுற்றிலும் சமமாகத் தேய்வதில்லை. ஆறு சிலிண்டர் எஞ்சினில் மூன்று இடங்களிலும் நான்கு சிலிண்டரில் இரண்டு இடங்களிலும் மட்டும் தேய்ந்திருக்கும். எஞ்சினை நிறுத்தும்போது அமுக்கத்தை எதிர்த்து ஏற முடியாத பிஸ்டன் நின்றுவிடுவதால், சக்கரம் எப்போதும் அந்த இடங்களிலேயே ஓய்கிறது. அடுத்த முறை ஸ்டார்ட்டர் அங்கேயே கடிக்கிறது. தேய்ந்த வளையத்தில் இரு பற்களுக்கு நடுவே துளையிட்டு, உளி வைத்து ஓங்கி அடித்தால் அது பிளந்து கழன்றுவிடும். புதியதில் போல்ட் கிடையாது, வெல்டிங்கும் கிடையாது. வளையத்தைச் சீராகச் சுற்றிச் சுற்றி 200 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல் சூடேற்றினால் அது விரியும். அந்தக் கணத்தில் இரண்டு பேர் இடுக்கியால் தூக்கி ஃப்ளைவீலின் மேல் இறக்கி, சுத்தியால் தட்டி அமர்த்துவார்கள். ஆறினால் பிடித்துக்கொள்ளும். மினுக்கித் தேய்த்த ஓரிடத்தில் வைக்கோல் மஞ்சள் தெரிந்ததும் தீயை நிறுத்துவது கைப்பழக்கம். நீலமாகிவிட்டால் பற்களின் கடினம் போய்விட்டது. பற்களைச் சரிவாகச் சீவிய பக்கம் ஸ்டார்ட்டர் நுழையும் திசையை நோக்க வேண்டும். இரண்டையும் கவனிக்காமல் மாட்டிய வளையத்தை மறுபடி உளியால்தான் கழற்ற வேண்டும்.

தானியங்கி கியர் உள்ள வண்டியில் இந்த ஏற்பாடே வேறு. 1989 முதல் கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சினோடு வந்த அமெரிக்க டாட்ஜ் பிக்கப்களில் தானியங்கி கியர் வகைக்குக் கிளட்ச் இல்லை. கிராங்குக்கும், கிளட்ச்சுக்குப் பதிலாக உள்ள டார்க் கன்வெர்ட்டருக்கும் நடுவே ஃப்ளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய எஃகுத் தகடு இருக்கிறது. அதன் விளிம்பிலும் ரிங் கியர். போல்ட் துளைகளைச் சுற்றி அது வெடித்தால் வரும் தட்டல் சத்தத்தைக் கேட்டு எஞ்சின் பேரிங் போய்விட்டது என்று எஞ்சினையே பிரித்தவர்கள் உண்டு. அதை லேத்தில் சீவ முடியாது, மாற்றத்தான் முடியும். மாற்றும்போது கன்வெர்ட்டர் பாக்ஸின் பம்புக்குள் முழுக்க அமர்ந்திருக்க வேண்டும். அமராமல் போல்ட்டைக் கொண்டு ஹவுசிங்கை இழுத்தால் பம்ப் உடையும்.

லாரிக்குத் திரும்பினால், பிளேட்டை நடுவில் நிறுத்தப் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றை டம்மியாகச் செருகுவார்கள். பிளேட்டில் ஃப்ளைவீல் பக்கம் எது என்று எழுதியிருக்கும். படிக்காமல் மாட்டியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரம் ஒரு கணம்கூடப் பிளேட்டின் ஹப்பில் தொங்கக்கூடாது. தொங்கினால் தகடு கோணும், புதுப் பிளேட் முதல் நாளே விடுபடாமல் இழுக்கும்.

வண்டியை எடுத்துப்போகும் ஓட்டுநர்களே, முதல் சில நாள் பாரம் குறைவாக ஏற்றுங்கள். ஓடும்போது இடது காலைப் பெடலில் சும்மா வைத்துக்கொள்ளாதீர்கள்.