செம்மண் என்று நம்பினோம்

காவியமும் சரித்திரமும் பேசப்படும் இப்பக்கங்களில் ஆறு எலுமிச்சங்கன்றுகள் மாண்ட கதைக்கு இடம் உண்டோ என்று யாம் சிறிது தயங்கினோம். ஆயினும், முப்பதாண்டுகளுக்கு மேலாக இக்கலாசாலையில் ரசாயனம் கற்பித்து, இரும்பின் ஆக்ஸைடுகளே மண்ணுக்குச் செந்நிறம் தருவன என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வந்த யாமே அச்செந்நிறத்தால் ஏமாந்தோம் என்பதை எம்மிடம் பயின்றோர் அறிதல் நன்று. அவர்களிற் சிலருக்கு அஃது ஒருவகை மகிழ்ச்சியையும் அளிக்கும்.

கலிபோர்னியா மாகாணத்தின் நடுவே, கிழக்கில் ஸியரா நெவாடா மலைத்தொடரும் மேற்கில் கடலோரக் குன்றுகளும் அரணாக நிற்க, ஸான் வாக்கீன் பள்ளத்தாக்கு நீண்டு கிடக்கின்றது. மலையினின்று இறங்கும் ஆறுகள் சமவெளியைத் தொட்டவுடன் வேகம் குன்றித் தாம் சுமந்து வந்த மணலையும் வண்டலையும் விசிறி விரித்தாற்போல் பரப்பியுள்ளன. இவற்றை வண்டல் விசிறிகள் என்பர். பிரெஸ்னோ நகரை அடுத்த க்லோவிஸ் என்னும் ஊரில், அத்தகைய பழைய விசிறியொன்றின்மேல், எம் மகளின் இல்லம் அமைந்துள்ளது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் யாம் ஆங்குச் சென்றிருந்தபோது, கொல்லைப்புறத்து மண்ணைக் கண்டு எம் உள்ளம் குளிர்ந்தது. எம் தந்தையாரின் புன்செய்க் காட்டில் மழை பெய்து ஓய்ந்தபின் தோன்றும் அதே நிறம்! ஆறு எலுமிச்சங்கன்றுகள் வாங்கி நடுவதென்று அப்பொழுதே துணிந்தோம்.

“அப்பா, அரசாங்கத்து மண் வரைபடத்தில் இந்த மனையை ஒருமுறை பார்த்துவிடலாமா?” என்றாள் மகள்.

“செம்மண்ணை அறியப் படம் எதற்கு அம்மா? பிறந்தது முதல் மிதித்த மண் அல்லவா?” என்று கூறி மண்வெட்டியை எடுத்தோம்.

முதல் ஒரு சாண் எளிதில் வந்தது. பழுப்பு நிறமான பொறபொறப்பான மண். அதன்பின், கத்தியால் அரிந்தாற்போல், மண்ணின் இயல்பே மாறிற்று. சிவப்பு மிகுந்தது, களி மிகுந்தது. உலர்ந்த இடத்தில் செங்கல்போல் உடைந்தது. சிறிது நீர் ஊற்றினால் மண்வெட்டியின் இலையைப் பற்றிக்கொண்டு விடமறுத்தது. இரண்டடிக்குச் சற்றுக் கீழே கடப்பாரை கணீரென்று ஒலித்தது. பாறை தட்டுப்பட்டதென்று எண்ணி, எலுமிச்சைக்கு இவ்வாழம் போதும் என்று எமக்கு யாமே தீர்ப்புக் கூறிக்கொண்டு, ஆறு குழிகளையும் அவ்வளவில் நிறுத்தினோம். எருவிட்டுக் கன்றுகளை நட்டோம்.

அதற்கு முந்திய மூன்றாண்டுகள் அம்மாகாணத்தில் கடும் வறட்சி. ஆயின் அவ்வாண்டு மாரிக்காலத்தில் வானம் பிளந்துகொண்டது. 2022 டிசம்பர் இறுதி முதல் 2023 மார்ச்சு வரையில் புயன்மழை ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. எம் குழிகள் ஆறும் ஆறு தொட்டிகளாயின. யாம் வாளிகொண்டு இறைத்தோம்; மறுநாள் மீண்டும் நிறைந்தது. இலைகள் வெளுத்து உதிர்ந்தன. பிப்ரவரியில் நான்கு கன்றுகள் போயின. ஏப்ரலுக்குள் எஞ்சிய இரண்டும் அவற்றைத் தொடர்ந்தன. பிடுங்கிப் பார்த்தபோது வேர்கள் கறுத்து நாறின.

மழையைக் குறைகூறினோம், கன்றுகளையும் குறைகூறினோம். ஆயின் கிங்ஸ் நதியை அடுத்துச் சில மைல் தொலைவில் வாழும் நண்பர் ஒருவர் வீட்டில், அதே மழையில், அதே கடையில் வாங்கிய கன்றுகள் தளிர்த்து நின்றமையைக் கண்டபின் எமக்கு வாய் அடைபட்டது. அடுத்த மனையில் வாழ்பவர் பஞ்சாப் தேசத்து முதியவர். திராட்சைத் தோட்டம் வைத்து நடத்தி ஓய்ந்தவர். அவர் வேலியைக் கடந்து வந்து, எம் குழியிற் கடப்பாரையை நாட்டி, அதன் ஒலியைக் கேட்டார். “ஐயா, நீங்கள் நிறுத்திய இடத்தில்தான் வேலை தொடங்குகிறது” என்று சொல்லிச் சிரித்தார். அன்றிரவு மகள் ஒன்றும் பேசாது அந்த வரைபடத்தை எம்முன் திறந்து வைத்தாள். எம் மனையின்மேல் ‘ஸான் வாக்கீன்’ என்ற மண்தொடரின் பெயர் எழுதப்பட்டிருந்தது. நண்பர் வீட்டுப் பக்கம் ‘ஹான்ஃபோர்டு’ என்றிருந்தது.

ஸான் வாக்கீன் மண் புகழ்பெற்றது. 1900-ஆம் ஆண்டிலேயே மண்ணளவையாளர் அதனை இனங்கண்டு பெயரிட்டனர். ஐந்து லக்ஷம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அது காணப்படுகின்றது. மடேரா என்னும் அண்டை ஊரின் பள்ளி மாணவரும் ஆசிரியரும் முன்னின்று முயன்றதன் பயனாக, 1997-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் மாகாண மண் என்ற சிறப்பினையும் பெற்றது. பறவைக்கும் மலருக்கும் இத்தகைய பட்டம் அளித்தலைக் கேட்டிருக்கின்றோம். மண்ணுக்கும் அளிக்கவேண்டும் என்று சிறுவர்க்குத் தோன்றியது எமக்கு மிகவும் உவப்பாயிற்று.

நிற்க. 1975-ஆம் ஆண்டில் அமெரிக்க மண்ணாய்வாளர் வெளியிட்ட வகைப்பாட்டு முறையில் இம்மண் ‘அப்ரப்டிக் டியூரிஸெரால்ஃப்’ எனப்படும். நாவில் நுழையாத இப்பெயரைக் கண்டு முதலில் நகைத்தோம். பின்னர் அதனைப் பிரித்தறிய முற்பட்டபோது நகைப்பு அடங்கிற்று. ‘செம்மண்’ என்பதில் ‘மண்’ ஈற்றில் நின்று தலைமை தாங்குதல்போல, இப்பெயரையும் ஈற்றினின்று தொடங்கியே படித்தல் வேண்டும். ‘ஆல்ஃப்’ என்பது அலுமினியத்தையும் இரும்பையும் நினைவூட்டும் அசை; மேலடுக்கின் நுண்களி நீரோடு இறங்கிக் கீழடுக்கில் தங்கப்பெற்றதும், கால்ஸியம் முதலிய சத்துக்கள் பெரிதும் கழிந்துபோகாததுமான மண்வரிசையை அது குறிக்கும். ‘ஸெர்’ என்பது உலர்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. குளிர்காலத்தில் நனைந்து கோடை முழுதும் காய்ந்து கிடக்கும் தேசத்து மண் என்று பொருள். ‘டியூர்’ என்னும் லத்தீன் அடி, அடியில் இறுகிய தட்டு உண்டு என எச்சரிக்கின்றது. ‘அப்ரப்டிக்’ என்பதோ, மேல்மண்ணுக்கும் களிக்கும் இடையே படிப்படியான மாற்றம் இன்றித் திடீரென்ற மாற்றம் உண்டென்பது. மூன்றங்குலத்துக்குள் களியின் அளவு நூற்றுக்கு இருபது பங்கு உயருமாயின் இவ்வடைமொழிக்குத் தகுதி உண்டாம். எம் மண்வெட்டி ஒரு சாணில் கண்டதும், எம் கடப்பாரை இரண்டடியில் கேட்டதும், ஆறு தொட்டிகளில் நீர் நின்ற காரணமும், யாம் நகைத்த அப்பெயருக்குள்ளேயே அடங்கியிருந்தன.

தமிழ்நாட்டுச் செம்மண் பலவும் அதே ‘ஆல்ஃப்’ வரிசையைச் சேர்ந்தனவே. ஆகவே எம் கண் முற்றிலும் பொய்த்ததன்று. ஈற்றசை ஒன்றாயிருந்தது; முன்னசைகளை யாம் படியாது விட்டோம்.

இம்மண் இங்ஙனம் ஆயதற்குக் காலமே முதற் காரணம். பனியூழிகளில் ஸியரா நெவாடாவின் கருங்கற் பாறைகளைப் பனியாறுகள் அரைத்துத் தள்ள, அத்தூளும் மணலும் விசிறிகளாகப் படிந்தன. ஸான் வாக்கீன் மண்ணைத் தாங்கும் படிவத்தின் வயது ஏறத்தாழ 1,30,000 முதல் 4,50,000 ஆண்டுகள் என மதிக்கப்படுகின்றது. அத்துணை நெடுங்காலத்தில் கறுப்பு அப்பிரகம் முதலிய கனிப்பொருள்களின் இரும்பு துருவேறிச் சிவந்தது. களி இறங்கி, மண்கட்டிகளின் முகத்திலும் துளைகளின் உட்புறத்திலும் மெழுகு பூசினாற்போற் படலமாகப் படிந்தது. ஃபெல்ஸ்பார் சிதைந்து வெளிப்பட்ட சிலிகா, மாரிநீரிற் கரைந்து கீழிறங்கி, நீர் அப்பாற் செல்லுமுன் கோடை வந்துவிடுதலின் ஆங்கேயே உறைந்தது. ஆண்டுக்கு ஒரு மெல்லிய பூச்சு. இலக்கம் ஆண்டுகளில் ஒரு கற்பலகை. ஹான்ஃபோர்டு மண்ணும் அதே கருங்கல்லின் பேறுதான். ஆயின் அஃது இளையது. சிவக்கவும் களி சேர்க்கவும் அதற்கு இன்னும் பொழுது வாய்க்கவில்லை. நண்பரின் கன்றுகள் பிழைத்த மர்மம் இவ்வளவே.

பழைய ஆசிரியப் பழக்கம் எம்மை விடவில்லை. தட்டின் துண்டொன்றைப் பெயர்த்தெடுத்து, நீச்சற்குளம் துலக்குவதற்கென விற்கப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நீர்த்து அதில் ஊறவைத்தோம். (சமையலறைக்குள் அமிலம் வரலாகாது என்று மகள் கட்டளையிட்டமையால் ஆய்வுசாலை கார்க்கொட்டகைக்கு மாறிற்று.) சுண்ணாம்பால் இறுகிய தட்டாயின் நுரைத்துக் கரையும். இதுவோ ஓர் இரவு முழுதும் அசையாது கிடந்தது. பின்னர் அடர்ந்த ஸோடியம் ஹைட்ராக்ஸைடில் இட்டோம். மூன்றாம் நாள் விளிம்புகள் பொடிந்து உதிரலாயின. அமிலத்துக்கு அஞ்சாது காரத்துக்கு இளகுவது சிலிகாவின் குணம். வகைப்பாட்டு நூலும் இத்தட்டுக்கு ஏறக்குறைய இச்சோதனையையே விதித்திருக்கின்றது.

இத்தட்டோடு போரிட்டோர் எம்மினும் பெரியோர் பலர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர்த் தோட்டக்காரர் மரம் நடுவதற்கு டைனமைட் வைத்துக் குழி பிளந்தனர். பிற்காலத்தில் பேரியந்திரங்கள் நீண்ட இரும்புக் கொழுக்களால் தட்டைக் கீறலாயின. மேடுபள்ளங்களை நிரவ, 1883-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் போர்ட்டியஸ் என்பவர் உரிமை பெற்ற ‘பிரெஸ்னோ ஸ்க்ரேப்பர்’ உதவிற்று. அங்ஙனம் நிரவியதில் இழப்பும் உண்டு. தட்டின்மேல் மாரிநீர் தேங்கும் சிறு குட்டைகள் வசந்தத்தில் வற்றும்போது, அவற்றின் ஓரங்களில் மஞ்சளும் நீலமுமாக வளையம் வளையமாக மலர்கள் பூக்கும். எம் கன்றுகளைக் கொன்ற அதே நீர்தான் அம்மலர்களை வளர்ப்பது. இன்று அக்குட்டைகளிற் பெரும்பாலானவை அழிந்துபட்டன.

இவர்களுள் எம் நெஞ்சைக் கவர்ந்தவர் பால்டஸாரே ஃபாரஸ்டியர் என்னும் ஸிஸிலித் தீவினர். நாரத்தை இனக் கனிகள் பயிரிடும் ஆவலோடு 1906-ஆம் ஆண்டு அளவில் பிரெஸ்னோவில் நிலம் வாங்கியவர், மேல்மண்ணுக்கடியில் இத்தட்டைக் கண்டார். அவர் குழியை நிறுத்தவில்லை. தட்டைத் துளைத்துக் கீழே இறங்கினார். 1946-ஆம் ஆண்டில் இறக்குமளவும் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கைக்கருவிகளாலேயே நிலத்தடியில் அறைகளும் நடைகளும் முற்றங்களும் குடைந்து, வானம் தெரியத் திறந்த வாய்களின்கீழ் மரங்களை நட்டார். தட்டின் துண்டுகளே அவர் வளைவுகளுக்குக் கல்லாயின. யாம் 2023 மே மாதத்தில் அங்குச் சென்று, தரைமட்டத்துக்குக் கீழே வேரூன்றிய எலுமிச்சைமரம் ஒன்று எம் முகத்துக்கு நேரே காய்த்துத் தொங்குவதைக் கண்டோம். உடன் வந்த மகள் அப்பொழுதும் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பியவுடன் பஞ்சாபி முதியவரின் துணைகொண்டு இரண்டு குழிகளை மட்டும் மீண்டும் தோண்டினோம். வாடகைக்குப் பெற்ற இயந்திர உளியால் ஒன்றரை நாள் குடைந்தபின், தட்டு அகன்று கீழே மணல் தென்பட்டது. அந்தியில் ஒவ்வொரு குழியிலும் இரண்டு வாளி நீர் ஊற்றிவிட்டு உறங்கச் சென்றோம். உறக்கம் வந்ததென்று சொல்லுவதற்கில்லை. விடியுமுன் விளக்கோடு சென்று பார்த்தோம். நீர் இல்லை. மகளை எழுப்பிக் காட்டினோம், அவள் குழியையும் எம்மையும் மாறி மாறி நோக்கி, “இப்போது படம் பார்க்கலாமா அப்பா?” என்றாள்.

அவ்விரண்டு குழிகளிலும் நட்டவை இன்று ஆளுயரம் வளர்ந்துள்ளனவாம். பெயர்த்தெடுத்த தட்டில் ஒரு நல்ல துண்டை நம் கலாசாலைப் பொருட்காட்சி அலமாரிக்கென எடுத்து வைத்தோம். அயல்நாட்டு மண்ணை அனுமதிச்சீட்டின்றி இந்தியாவுக்குள் கொணர்தல் விலக்கப்பட்டிருத்தலின் அது வரவில்லை. எம் மகளின் கொல்லைக்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதபடி முட்டுக்கொடுத்துக் கிடக்கின்றது.