பூனைக்கும் பொழுது போகணுமே!

கும்பகோணத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆச்சு. பழவங்காடியில் ரெண்டாவது மாடியில் குடித்தனம். கீழே இறங்கினால் பிள்ளையார் கோயில் சிதறுகாய், கிழக்கேகோட்டை பஸ்கள், தெருநாய்கள். அதனால் எங்க வீட்டுக் குண்டுமணியை வெளியே விடுவதில்லை. எதிர்வீட்டுச் சேட்டன் பார்க்கும்போதெல்லாம், "பாவம் பூச்ச, சாரே!" என்பார். ஃப்ளாட்டுக்குள் இருக்கும் நம்மைப் பார்த்து ஊரில் சொல்வதும் அதேதான் :-)

ஊரில் திண்ணைப் பூனைக்கு எலி, பல்லி, ஓணான் என்று நாள் முழுக்க ஜோலி. ஃப்ளாட் பூனைக்கு? தின்பது, தூங்குவது. உடம்பு போடும், சர்க்கரை வியாதி வரலாம், மூத்திரப்பைத் தொல்லை வரலாம். ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் மூத்திரம் வரவில்லை என்றால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். தள்ளிப்போட்டால் உயிரே போய்விடும். இந்த மூத்திரப்பைத் தொல்லை இருந்த பூனைகளுக்கு ஏற இடம், ஒளிய இடம், விளையாட்டு என்று வீட்டையே மாற்றிக் கொடுத்துப் பார்த்தார் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்து டோனி பஃபிங்டன். தொல்லை நன்றாகவே குறைந்தது என்று 2006-ல் எழுதினார்.

எங்க வீட்டு நடைமுறை இதுதான்:

குச்சியில் கயிறு, நுனியில் துணிமுடிச்சு. அதைப் பூனை மூஞ்சியில் ஆட்டக்கூடாது. எந்த எலியும் பூனையைத் தேடி வராது! பூனையை விட்டு விலகி ஓட வேண்டும், சோபா பின்னால் ஒளிய வேண்டும். கடைசியில் பிடிபட வேண்டும். பிடித்தவுடன் சாப்பாடு. விடிகாலையும் அந்தியும்தான் பூனைக்கு வேட்டை நேரம். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம் போதும். ஆர்.டி. மாதிரி, தொகை சின்னது, தவறாமல் கட்டணும். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், வெளியே போய் வரும் பூனைகளோடு தினம் 5 முதல் 10 நிமிஷம் விளையாடியதிலேயே அவை பிடித்து வரும் இரை 25 சதவீதம் குறைந்திருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் கயிறை எடுத்துப் பூட்டுங்கள். விழுங்கினால் குடலை அறுக்கும். லேசர் விளக்கில் பிடிக்க எதுவுமில்லை, பூனைக்கு எரிச்சல்தான் மிச்சம்.

சாப்பாட்டில் கொஞ்சத்தை முட்டை அட்டைக் குழிகளில் ஒளித்து வைக்கிறோம். தேடித் தின்னட்டும். சாலைக் கடைத்தெருவில் கிடைக்கும் அட்டைப்பெட்டி எதையும் தங்கமணி இப்போதெல்லாம் விடுவதில்லை. ஜன்னலுக்குக் கம்பிவலை போட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டாச்சு. காக்காய் பார்ப்பது ஒரு மணி நேரம் ஓடுகிறது. எல்லா பொம்மையையும் ஒரே நாளில் போடாமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

அந்தி ஆட்டம் மகள் பொறுப்பு. மலையாளம் தெரியாமல் வந்த முதல் வருஷம் அவளுக்கு இவன்தான் கூட்டு. இப்போது பள்ளியில் மலையாளம், இங்கிலீஷ், எங்களோடு மூன்றும் கலந்த ஒன்று. சுத்தமாய்த் தமிழ் பேசுவது குண்டுமணியிடம் மட்டும்தான். "டேய், இங்க பாருடா, ஓடுது பாரு!" அடுத்த மாற்றல் எந்த ஊருக்கு வந்தாலும் பெட்டி படுக்கையோடு குச்சியும் கயிறும் வரும்.

உங்க வீட்டுப் பூனைக்கு என்ன ஆட்டம்? சொல்லுங்க.