சாவி கைக்கு வந்த பிறகு

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியின் கடைசிப் பத்து நாள்களில் ஓர் இரவு, அமெரிக்க நகரங்களில் தன்னார்வலர்கள் கைவிளக்கோடு தெருவில் இறங்குகிறார்கள். பாலத்தடி, பூங்கா, ஆற்றோரம், ஓரமாக நிறுத்திய கார் என்று தேடி, அங்கே உறங்குவோரை எண்ணுகிறார்கள். இரவுத் தங்குமிடங்களில் படுத்திருப்போரும் அந்தக் கணக்கில் சேர்கிறார்கள். அப்போது கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, "நீங்கள் படையில் பணியாற்றியதுண்டா?" என்பது. 2010இல் அப்படிக் கண்டறியப்பட்ட வீடற்ற முன்னாள் படைவீரர்கள் ஏறத்தாழ 74,000 பேர். 2024 ஜனவரியில் அத்தொகை 32,882. பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

இந்த எண்ணைத் தனியே பார்த்தால் அதன் பொருள் முழுதாக விளங்காது. அதே 2024 ஜனவரியில் அந்நாட்டில் வீடற்றோரின் மொத்தத் தொகை 7,71,480. கணக்கெடுப்பு தொடங்கிய நாளிலிருந்து அதுவே மிக உயர்ந்தது. முந்தைய ஆண்டைவிட 18 விழுக்காடு கூடுதல். அதே நாடு, அதே வாடகை, அதே குளிர். எல்லாரும் பெருகியபோது முன்னாள் படைவீரர்கள் மட்டும் குறைந்தது எப்படி என்பது கேட்கத்தக்க கேள்வி.

நாட்டுப்பற்று என்று எளிதில் விடை சொல்லிவிடலாம். வரலாறு அதற்கு இடம் தரவில்லை. முதல் உலகப் போரில் பணியாற்றியோருக்கு 1924ஆம் ஆண்டுச் சட்டம் ஊக்கத்தொகை அறிவித்தது; ஆனால் முழுப் பணம் 1945இல்தான் கிடைக்கும் என்றது. பெருமந்தத்தில் வேலையும் வீடும் இழந்த பல்லாயிரம் பேர் 1932 கோடையில் மனைவி மக்களோடு வாஷிங்டனுக்கு வந்து, அனகோஸ்டியா ஆற்றங்கரையில் பலகையும் தகரமும் கொண்டு குடிசை எழுப்பி, அத்தொகையை உடனே தருமாறு கேட்டனர். ஜூலை 28 அன்று அவர்களை விரட்ட வந்தது அவர்கள் பணியாற்றிய அதே ராணுவம். குடிசைகள் எரிந்தன. நாட்டுப்பற்றுக்கு அன்றும் குறைவில்லை.

1944இல் வந்த ஜி.ஐ. பில் சட்டம் வீட்டுக்கடனுக்கு அரசின் உத்தரவாதத்தைக் கொடுத்தது. இலட்சக்கணக்கான குடும்பங்கள் அதனால் சொந்த வீடு கண்டன. ஆனால் கடன் கொடுப்பது உள்ளூர் வங்கியின் விருப்பமாக இருந்ததால், கறுப்பின வீரர்களில் பெரும்பாலோர்க்கு அந்த உத்தரவாதம் தாளோடு நின்றது. இன்று அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவரே கறுப்பினத்தவர். வீடற்ற முன்னாள் படைவீரர்களில் அவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஒரு தலைமுறைக்கு மறுக்கப்பட்ட வீடு அடுத்த தலைமுறைகளின் வாசலிலும் வந்து நிற்கிறது.

வியட்நாம் போருக்குப் பிறகு தெருவில் தங்கியோர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினர். 1988இல் சான் டியேகோ நகரில் முன்னாள் வீரர்கள் சிலர் சேர்ந்து மூன்று நாள் முகாம் ஒன்றை நடத்தினர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்டாண்ட் டவுன்'. களத்தில் நின்ற படைப்பிரிவைப் பாதுகாப்பான தளத்துக்குத் திருப்பி அழைத்து, குளிக்கவும் உண்ணவும் உறங்கவும் விடும் ஓய்வுக்கு வியட்நாமில் வழங்கிய சொல் அது. முகாமில் முடிதிருத்தம், மருத்துவம், உடை எல்லாம் கிடைத்தன. வந்தவர்களில் பலர் கேட்டது சட்ட உதவி. பொது இடத்தில் படுத்ததற்கும் சில்லறைக் குற்றங்களுக்கும் விதித்த அபராதம் கட்டப்படாமல் பிடியாணையாக மாறி, அவர்களை வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் தகுதியற்றவர்களாக்கியிருந்தது. அடுத்த ஆண்டே அங்கு வீடற்றோருக்கென நீதிமன்ற அமர்வு ஒன்று உருவாயிற்று. ஒருவரின் வீடின்மைக்குப் பின்னால் எத்தனை தாள்கள் இருக்கின்றன என்பதை அந்த மூன்று நாள்கள் காட்டின.

சங்ககாலத்தார் போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டு, பீலி சூட்டிப் போற்றினர். வீழ்ந்தவனைப் போற்ற எல்லா நாடுகளுக்கும் தெரிகிறது. திரும்பி வந்தவனோடு என்ன செய்வது என்பதே கடினமான கேள்வி. அவன் நடுகல்லைப் போல ஓரிடத்தில் அமைதியாக நிற்பதில்லை. அவனுக்குப் பசிக்கிறது; இரவில் திடுக்கிட்டு எழுகிறான்; குடிக்கிறான்; கோபப்படுகிறான்.

அப்படிப்பட்டவருக்கு உதவ நீண்ட காலம் இருந்த வழி படிக்கட்டு முறை. முதலில் தங்குமிடம், பிறகு குடியை விட்டதற்கான சான்று, பிறகு மருந்தை ஒழுங்காக உட்கொள்ளுதல், பிறகு இடைக்கால விடுதி, எல்லாவற்றுக்கும் முடிவில் வீடு. நடைமுறையில் இது பரமபதம் ஆடுவதைப் போன்றது. ஒரு மாலை தவறினால் பாம்பு விழுங்கி, மீண்டும் கீழ்க்கட்டத்தில் வந்து நிற்க வேண்டும். தமிழில் 'வீடு' என்ற சொல் 'விடு' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. அறம், பொருள், இன்பம், வீடு என்ற வரிசையில் பற்றை விட்டவர்க்கே வீடு. படிக்கட்டு முறையும் கிட்டத்தட்ட அந்தத் தத்துவத்தையே பேசியது: முதலில் விடு, பிறகு வீடு. துறவிக்கு அது பொருந்தும். பாலத்தடியில் பாதி உறக்கத்தில் கிடப்பவரால் எதை விட முடியும்?

1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இவ்வரிசையைத் தலைகீழாக்கினார். மனநோயோடு தெருவில் வாழ்ந்தோருக்கு, எந்த முன்நிபந்தனையும் இல்லாமல், முதலில் வீட்டைக் கொடுத்தார். மருத்துவமும் ஆலோசனையும் வீட்டு வாசலுக்கு வந்தன. ஐந்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவர்களில் 88 விழுக்காட்டினர் வீட்டில் நிலைத்திருந்தனர். படிக்கட்டு முறையில் சென்றோரில் அது 47 விழுக்காடு. 'ஹவுசிங் ஃபர்ஸ்ட்', அதாவது 'முதலில் வீடு', என்ற பெயரில் அது பரவியது. 2012இல் முன்னாள் படைவீரர் நலத்துறையும் அதையே தன் வழியாக ஏற்றது.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை இங்கே தொடங்குகிறது. 'ஹட்-வாஷ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் திட்டத்தில் இரண்டு துறைகள் இணைகின்றன. வீட்டுவசதித் துறை வாடகை உதவிச் சீட்டைத் தருகிறது. படைவீரர் நலத்துறை ஒரு சமூகப் பணியாளரைத் தருகிறது. குடியிருப்பவர் பொதுவாகத் தம் வருமானத்தில் 30 விழுக்காட்டை வாடகையாகக் கொடுக்க, மீதியைச் சீட்டு ஏற்கிறது. 1992இல் சிறிதாகத் தொடங்கிய இத்திட்டம் 2008 முதல் ஆண்டுதோறும் புதிய நிதி பெற்று, இன்றுவரை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை வழங்கியுள்ளது. வீடற்ற பிற அமெரிக்கர்களுக்கு இந்த அளவில் சீட்டும் இல்லை, ஆளும் இல்லை. வேறுபாட்டின் பெரும்பகுதியை இந்த இணைப்பே விளக்குகிறது.

சீட்டு கிடைத்துவிட்டால் வீடு கிடைத்துவிடும் என்பதில்லை. படையிலிருந்து விடுவித்த சான்றாகிய டி.டி. 214 படிவம் எப்போதோ தொலைந்திருக்கும். அடையாள அட்டை திருடுபோயிருக்கும். அவற்றை மீட்ட பிறகு வீடு தேடும் படலம். சீட்டைக் கண்டதும் மறுக்கும் வீட்டுக்காரர்கள் பலர். அப்படி மறுப்பதைச் சட்டம் தடுக்காத மாநிலங்களும் பல. பழைய வெளியேற்ற வழக்கு, கட்டாத கடன், சிறைப் பதிவு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கதவை அடைக்கிறது. அரசின் சோதனையில் தேறிய வீடாகவும் அது இருக்க வேண்டும். சமூகப் பணியாளர் இந்தக் கட்டத்தில் பாதி வீட்டுத்தரகராகவே மாறிவிடுகிறார். வீட்டுக்காரரிடம் அவர் கொடுக்கும் உறுதி எளியது: சிக்கல் வந்தால் முதலில் தமக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்; தாமே நேரில் வந்து பார்ப்பார். அந்த உறுதியை நம்பித் திறக்கும் கதவுகள் உண்டு.

பிறகு ஒரு நாள் சாவி கைக்கு வருகிறது. நிழற்படம் எடுக்கப்படுகிறது, செய்தி வெளியாகிறது. பொதுமக்கள் அறிந்த கதை அங்கே முடிகிறது. சமூகப் பணியாளரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

புதிய வீட்டில் கட்டில் இருக்கும். அவர் தரையில் படுப்பார். சில இரவுகள் பழைய இடத்துக்கே போய்ப் படுத்துவிட்டு வருவோரும் உண்டு. தெருவில் ஓசை ஓயாது. யாராவது நெருங்கினால் மற்றவர் எழுப்புவார். நான்கு சுவருக்குள் அந்தக் காவல் இல்லை. அமைதி அவருக்கு ஓய்வாகத் தோன்றுவதில்லை. ஏதோ நடக்கப்போகிறது என்ற அறிகுறியாகவே தோன்றுகிறது. ஜூலை 4 சுதந்திர நாள் வாணவேடிக்கை ஊருக்கெல்லாம் கொண்டாட்டம். போர்க்களத்தைச் சுமந்திருப்பவருக்கு அது நெடிய இரவு. அந்த இரவை எப்படிக் கடப்பது என்று முன்கூட்டியே பேசிவைப்பதும் சமூகப் பணியாளரின் வேலைதான்.

இன்னும் கடினமானது நட்பு. வெளியே குளிரில் நிற்கும் தோழன் கதவைத் தட்டுகிறான். உடன் நின்றவனைக் கைவிடக் கூடாது என்பது படை கற்பித்த முதல் அறம். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது. ஒருவன் இருவராகி, இருவர் நால்வராகி, ஓர் இரவில் சண்டை மூண்டு, அண்டை வீட்டார் காவலரை அழைத்து, வீடு பறிபோகும் கதை இத்துறையில் பழகிப்போன கதை. அதாவது, கெட்ட குணம் அவரை வெளியேற்றுவதில்லை. நல்ல குணமே வெளியேற்றுகிறது. இங்கே "நண்பரை விட்டுவிடுங்கள்" என்று சொல்லும் பணியாளர் தோற்றுப்போவார். தேர்ந்த பணியாளர் அந்தத் தோழருக்கும் ஒரு விண்ணப்பத்தைத் தொடங்குகிறார். வாசலில் நின்று, உள்ளே அழைக்காமலே அன்போடு பேச அவரோடு சேர்ந்து பயில்கிறார்.

மற்றவை சிறு வேலைகள். ஓய்வூதியம் வரவாகும் நாளிலேயே வாடகை கழியும்படி வங்கியில் ஏற்பாடு செய்வது. மின்கட்டண அறிவிப்பைப் பிரித்துப் படிக்கப் பழக்குவது. மருத்துவமனைக்கு எந்தப் பேருந்து என்று ஒருமுறை உடன் சென்று காட்டுவது. வாரக்கணக்கில் கதவு திறக்காதபோதும் வந்து தட்டிக்கொண்டே இருப்பது. இவற்றில் ஒன்றுகூட அறிக்கையில் பெருமையாக எழுதத் தக்கதன்று. எல்லாம் சேர்ந்தால் ஒருவர் இரண்டாம் ஆண்டும் அதே முகவரியில் இருக்கிறார். பணியாளர் பற்றாக்குறையால் சீட்டுகள் பயன்படாமல் கிடந்த நகரங்கள் உண்டு என்பது இதன் மறுபக்கம். பணம் மட்டும் வந்தால் வீடு நிலைப்பதில்லை.

விதிகளும் சில நேரம் வீட்டைப் பறித்தன. போர்க்காயத்துக்கு மாதந்தோறும் வரும் இழப்பீட்டுத் தொகையை வருமானமாகக் கணக்கிட்டதால், அதிகக் காயம் பட்டவர் அதிக வருமானம் உடையவராகி, உதவிக்கான வரம்பைத் தாண்டிப்போன விந்தை பல ஆண்டுகள் நீடித்தது. 2024 ஆகஸ்டில்தான் வீட்டுவசதித் துறை இத்திட்டத்தில் தகுதி பார்க்கும்போது அத்தொகையை விலக்குமாறு விதியைத் திருத்தியது. தனித்தனி மனிதர்களின் கோப்புகளோடு அலுவலகப் படியேறிய பணியாளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் முன்னாள் வீரர்களுக்கும் அந்தத் திருத்தத்தில் பங்கு உண்டு.

இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்க்கு ஓர் எண் நினைவுக்கு வர வேண்டும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்நாட்டில் வீடற்றோர் ஏறத்தாழ 17.7 இலட்சம் என்றது. அவர்களில் படையில் பணியாற்றியோர் எத்தனை பேர் என்ற கேள்வி அக்கணக்கில் இல்லை. ஓய்வூதியமும் ஊரும் கூட்டுக்குடும்பமும் இருந்ததால் அக்கேள்வி இங்கே எழாமல் போயிருக்கலாம். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்காண்டுப் பணி முடிந்து, நால்வரில் மூவர் வரை ஓய்வூதியமின்றித் திரும்புவர். அவர்கள் இளைஞர்கள், கையில் ஒரு தொகையும் இருக்கும், தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்று சொல்ல எந்த அடிப்படையும் இல்லை. ஆயினும், எண்ணப்படாதவர் எந்தத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை என்ற பாடத்தை முன்கூட்டியே கற்பதில் இழப்பொன்றும் இல்லை.

அமெரிக்காவில் பெற்ற பயனும் உறுதியானதன்று. 2025 ஜூலையில் வெளியான அதிபர் ஆணை, 'முதலில் வீடு' கொள்கைக்கான ஆதரவை முடித்துக்கொள்ளுமாறு கூட்டாட்சி அரசின் துறைகளைப் பணித்தது. சிகிச்சைக்கு இசைந்தால்தான் உதவி என்ற பழைய வரிசை மீண்டும் பேசப்படுகிறது. ஹூஸ்டன் போன்ற ஒரு பெருநகரம் மூன்றாண்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்களுக்கு வீடு கண்டு, 2015இல் அதை அறிவிக்க முடிந்தது நிபந்தனைகளைக் கூட்டியதால் அன்று, குறைத்ததால். 74,000 என்பது 32,882 ஆன கணக்கில், அடுத்த ஜனவரியில் எந்தத் திசையில் எண் நகரும் என்பது, சாவி கொடுத்த பிறகும் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பவருக்குச் சம்பளம் தொடர்கிறதா என்பதைப் பொறுத்தது.