தெகிவளையில் சிறுவரோடு ஒரு காலை

கொழும்புக் கோட்டையிலிருந்து கரையோரப் புகைவண்டியில் தெற்கு நோக்கிச் செல்வோர்க்கு வலப்புறத்தே கடலும் இடப்புறத்தே நகரமும் உடன்வரும். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை ஆகிய நிலையங்களைக் கடந்தால் அடுத்து வருவது தெகிவளை. அங்கு இறங்கிக் காலி வீதிக்கு அப்பால் உள்ளே சென்றால், நெருங்கிய குடிமனைகளின் நடுவே மரங்கள் அடர்ந்த சோலையொன்று தென்படும். அதுவே நம் நாட்டின் தேசிய மிருகக்காட்சிச்சாலை. பிற நாடுகளின் பெரிய சாலைகளோடு ஒப்பிட்டால் இது சிறியதே. ஆயினும், நான்கு வயதுக் குழந்தையின் கால்களுக்கு இதுவே ஒரு பெருங்காடு.

இவ்விடத்தின் வரலாறு பலர் அறியாதது. 1920களில் ஜோன் ஹேகன்பெக் என்னும் ஜெர்மானிய வணிகர் இங்கே விலங்குகளைச் சேர்த்து வைத்தார். பிடிக்கப்பட்ட பிராணிகள் கப்பலேறி ஐரோப்பியக் காட்சிச்சாலைகளுக்குச் செல்லுமுன் தங்கிய இடம் இது. அவருடைய கம்பனி கலைக்கப்பட்டபின், 1936ஆம் ஆண்டில் அரசாங்கம் இதனைப் பொறுப்பேற்றது. வணிகரின் சரக்கறையாகத் தோன்றியது இவ்வாறு பொதுமக்களின் சோலையாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கல்விச் சுற்றுலா வந்த மாணவர் தலைமுறைகள் யானையையும் சிங்கத்தையும் ஒருசேரக் கண்டது இங்கேதான்.

நாம் ஒரு காலைவேளையில் இரு பிள்ளைகளையும் அம்மம்மாவையும் அழைத்துக்கொண்டு சென்றோம். எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்னும் அவா பெரியோர்க்கே உரியது. பிள்ளைகளுக்கு அது கிடையாது. உள்ளே சென்றதும் சின்னவள் நின்ற இடம் ஒரு கூழைக்கடாவின் அருகில். அவள் பார்த்ததோ கூழைக்கடாவை அன்று. அதன் மீனைக் களவாட வந்த காகத்தை. கம்பிகளினூடே காகம் புகுவதும் வெளிவருவதும் அவளுக்குப் பெருவியப்பாயிருந்தது. கால்மணி நேரம் அங்கேயே கழிந்தது.

யானைகளிடம் பெரியவனுக்குக் கேள்விகள் மிகுதி. வளர்ந்த யானையொன்று நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேற்பட்ட உணவை உண்ணும் என்றோம். தாய் யானை குட்டியை ஏறத்தாழ 22 மாதங்கள் வயிற்றிற் சுமக்கும் என்றோம். அதைக் கேட்ட அம்மம்மா, "பாவம், எங்களுக்குப் பத்து மாதமே பெரும்பாடு" என்றார். எலும்பில்லாத தும்பிக்கை நிலத்திற் கிடந்த ஒரு புல்லைத் தனியே பொறுக்கியெடுத்தபோது பிள்ளைகள் இருவரும் மூச்சடக்கி நின்றனர்.

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் உள்ள எலும்புகள் எத்தனை என்று வினவினோம். நூறு என்றான் ஒருவன். ஆயிரம் என்றாள் மற்றவள். ஏழே ஏழு. நம்முடைய கழுத்திலும் ஏழுதான். அதன் எலும்பு ஒவ்வொன்றும் மிக நீண்டது, அவ்வளவே. இருவரும் தத்தம் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டனர். பூநாரைகளின் செந்நிறம் பிறவியால் வருவதன்று, உண்ணும் உணவால் வருவது என்பதையும், இவற்றின் இனத்துப் பறவைகள் மன்னார்க் கடனீரேரிகளுக்கும் திரளாக வருவதுண்டு என்பதையும் கூறினோம். "அவற்றை யார் அடைத்து வைத்தது?" என்றாள் சின்னவள். ஒருவரும் அடைத்து வைக்கவில்லை, விரும்பிய காலத்தில் வந்து விரும்பிய காலத்தில் போகும் என்றோம். அவள் ஒன்றும் பேசவில்லை.

சிறுத்தையின் கூட்டருகே சென்றபோது அது மரக்கட்டையின்மேற் கிடந்து உறங்கிற்று. இலங்கைக் காடுகளில் அதனை வெல்லும் வேட்டை விலங்கு வேறில்லை. வில்பத்துவிலும் யாலவிலும் அது பல மைல் தூரம் உலவும். இங்கோ சில அடிகள். அதனை எழுப்பிப் பார்க்க விரும்பிய சிலர் கம்பியைத் தட்டினர், சீழ்க்கையடித்தனர், ஒருவர் கச்சான் கோதை வீசினார். சிறுத்தை ஒரு கண்ணைத் திறந்து, மீண்டும் மூடிக்கொண்டது.

பெரியவன் அண்மையில் வாசித்த கதையொன்றில் அரசன் ஒரு கைதிக்கு விலங்கிட்ட செய்தி வருகிறது. அவன் நம் கையைப் பற்றி, "அப்பா, இதுவும் விலங்கு, அதுவும் விலங்கா? இது என்ன குற்றம் செய்தது?" என்றான்.

தமிழில் அச்சொல்லுக்கு இருபொருள் உண்டென்பதை நாம் அறிவோம். எனினும், ஒரு கூட்டின் முன்னே நின்று அதைக் கேட்பது வேறு. "குற்றம் ஒன்றும் செய்யவில்லை மகனே. நாங்கள் பார்ப்பதற்காக இது இங்கே இருக்கிறது. ஆகையால் நாங்கள் நல்லபடி பார்க்க வேண்டும்" என்றோம். அவன் கம்பியைத் தட்டியவர்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்களும் கையை எடுத்துக்கொண்டனர்.

கூடுகளைப் பற்றிய எண்ணம் உலகில் மாறியே வந்திருக்கிறது. ஜோன் ஹேகன்பெக்கின் குடும்பத்தவரான கார்ல் ஹேகன்பெக், 1907இல் ஹம்பர்க் நகரருகே கம்பிக்குப் பதிலாக அகழி வெட்டி விலங்குகளை வைத்தார். நம் நாட்டில் தாயிழந்த யானைக்குட்டிகளுக்கென 1975இல் பின்னவலைச் சரணாலயம் தோன்றிற்று. 2016இல் அம்பாந்தோட்டை மாவட்டத்தில் ரிதியகமை சபாரிப் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே விலங்குகள் வெளியில் உலவ, மனிதர் மூடிய வண்டிக்குள் இருந்து பார்க்கின்றனர். இதைச் சொன்னபோது பெரியவன் முகத்திற் சிரிப்பு மலர்ந்தது. "அப்படியென்றால் அங்கே கூட்டிலிருப்பது நாங்கள்!" என்றான்.

சிறுவரோடு செல்ல எண்ணும் குடும்பத்தார்க்குச் சில கூறுவோம். வெயில் ஏறுமுன் செல்லுங்கள். விலங்குகளும் அப்போதே விழித்திருக்கும். குடிநீரும் சிற்றுண்டியும் கொண்டு செல்லுங்கள். அவற்றுள் ஒரு துண்டும் கூட்டினுள் விழலாகாது. ஐந்தாறு உயிர்களைக் கண்டாலும் ஆற அமரக் காணுங்கள். பிள்ளை காகத்தைப் பார்த்து நின்றால் இழுத்துச் செல்லாதீர்கள். கூட்டைப் பற்றிக் கேட்டால் மழுப்பாதீர்கள்.

தன் குற்றமின்றிச் சிறையிருக்கும் ஓர் உயிர் நமக்காகத் தன் காட்டை இழந்திருக்கிறது. அதற்கு நாம் கொடுக்கக்கூடிய கைம்மாறு, அவ்வினத்தின் எஞ்சிய கூட்டம் தன் காட்டிலேயே வாழட்டும் என்று எண்ணும் ஒரு பிள்ளையை வளர்ப்பதே. அப்படியொரு பிள்ளை வாயிலைக் கடந்து வீடு திரும்புமாயின், நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த பணம் வீண்போகவில்லை.